கொல்கத்தா துர்கா பூஜை: முதல்முறை பந்தல் சுற்றப் போகிறவர்களுக்கு

மகாளய அமாவாசை நமக்குத் தர்ப்பண நாள். கொல்கத்தாவிலும் அன்று கங்கைக்கரையில் தர்ப்பணம் நடக்கும். ஆனால் விடியற்காலை நான்கு மணிக்கே வானொலியில் சண்டி பாராயணம் கேட்டு எழுந்துவிடும் அந்த ஊருக்கு அதுதான் திருவிழாவின் முதல் மணி. மழை ஓய்ந்து, பவளமல்லி உதிர்ந்து, ஆற்றங்கரை நாணல் வெள்ளையாகப் பூக்கும் சரத் காலம் அது. அடுத்த பத்து நாளும் தெருவுக்குத் தெரு மூங்கிலும் துணியும் சணலும் கொண்டு கட்டிய தற்காலிகக் கலைக்கூடங்கள்தான். அவற்றுக்கு அங்கே பெயர் ‘பேண்டல்’. நம்முடைய பந்தல்தான் ஆங்கிலம் வழியாகச் சுற்றிக்கொண்டு அங்கே போய்ச் சேர்ந்திருக்கிறது. 2021 டிசம்பரில் யுனெஸ்கோ இந்தப் பூஜையை மனிதகுலத்தின் அருவமான பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது.

பெரும்பாலான பந்தல்களுக்குக் கட்டணம் இல்லை. செலவாவது கால்களும் தூக்கமும்தான். எனவே எத்தனை பந்தல் பார்த்தோம் என்று எண்ணுவதை முதலிலேயே விட்டுவிடுங்கள். ஒரு சுற்றுக்கு ஆறிலிருந்து எட்டு போதும்.

படி 1: நாளைக் குறிப்பது

கணக்கு எளிது. நம் ஆயுத பூஜை நாளை ஒட்டித்தான் அங்கே நவமி. அதிலிருந்து பின்னால் எண்ணினால் அஷ்டமி, சப்தமி, சஷ்டி. முறைப்படி பூஜை தொடங்குவது சஷ்டி மாலை, முடிவது தசமி. நமக்குத் திருக்கணிதம், வாக்கியம் இருப்பதுபோல் அங்கேயும் இரண்டு பஞ்சாங்கம் உண்டு: விசுத்த சித்தாந்தம், குப்தா பிரஸ். பூஜை நேரங்கள் இரண்டிலும் மாறும். ராமகிருஷ்ண மடத்தின் தலைமையிடமான பேலூர் மடம் முதலாவதைப் பின்பற்றுகிறது. அஷ்டமிச் சடங்குகளைப் பார்க்க விரும்பினால், நீங்கள் போகும் இடம் எந்தப் பஞ்சாங்கப்படி நடக்கிறது என்று முதல் நாளே கேட்டு வையுங்கள்.

புதிதாகப் போகிறவர்கள் செய்யும் பெரிய தவறு சஷ்டி அன்று போய் இறங்குவது. பேர்பெற்ற பந்தல்கள் பல இப்போதெல்லாம் மகாளயத்தை ஒட்டியே திறந்துவிடுகின்றன. சதுர்த்தி, பஞ்சமி இரவுகளில் பந்தல்களைப் பார்த்து முடித்து, சஷ்டி முதல் சடங்குகளுக்கும் பழைய செல்வர் வீட்டுப் பூஜைகளுக்கும் போவதுதான் சரியான வரிசை. திருதியைக்கு முன் போனால் வேறு சிக்கல்: சில பந்தல்களில் சாரம் அவிழ்த்திருக்காது, விளக்கு வேலை முடிந்திருக்காது.

ரயில் முன்பதிவு 60 நாளுக்கு முன் திறக்கும், அன்று காலையே உட்கார்ந்துவிடுங்கள். சென்னையிலிருந்து ஹவுரா மெயில் ஹவுராவுக்கே போகும். கோரமண்டல் எக்ஸ்பிரஸ் போய் நிற்பது ஷாலிமாரில். அதுவும் ஆற்றின் ஹவுரா பக்கம்தான், ஆனால் ஹவுரா நிலையம்போல வாசலிலேயே மெட்ரோ கிடையாது.

அறை எடுக்கும்போது வடக்கு-தெற்கு மெட்ரோப் பாதைக்கு நடக்கும் தூரத்தில் எடுங்கள். எஸ்பிளனேட், பார்க் ஸ்ட்ரீட் பக்கம் வசதி. தெற்கே பந்தல்கள் நெருங்கியிருக்கும் கரியாஹாட் நடுவில் தங்கினால் எல்லாம் பக்கம்தான், ஆனால் பிற்பகலுக்கு மேல் தெருக்கள் அடைக்கப்பட்டு டாக்ஸி வாசலுக்கு வராது. பெட்டியோடு ஒரு கிலோமீட்டர் கூட்டத்துக்குள் நடக்க வேண்டியிருக்கும்.

படி 2: முதலில் குமார்துலி

முடிந்த சிலையைப் பார்க்கும் முன் அது எப்படி ஆகிறது என்று பார்த்துவிட வேண்டும். ஷோபாபஜார் சுதாநுட்டி மெட்ரோவில் இறங்கி மேற்கே ஆற்றுப் பக்கம் நடந்தால், குயவர்களின் பழைய குடியிருப்பான குமார்துலி. காலை வேளை நல்லது, சந்துகளில் வெளிச்சம் இருக்கும்.

மூங்கிலும் மரமும் கொண்ட சட்டத்தில் வைக்கோலைச் சணல் கயிற்றால் இறுக்கிக் கட்டி உடம்பு எடுப்பார்கள். அதன்மேல் உமி கலந்த ஒட்டும் களிமண். அது காய்ந்து வெடிப்பு விட்டதும் துணித்துண்டுகளை மண்ணில் தோய்த்து ஒட்டி, நைசான மண்ணால் மெழுகுவார்கள். பிறகு வெள்ளைப் பூச்சு, அதற்கு மேல் வர்ணம். வர்ணம் பிடிக்கப் புளியங்கொட்டைப் பசை சேர்ப்பது பழைய வழக்கம். கடைசியில் கண் திறப்பு. மரபுப்படி அது மகாளயத்தன்று. அலங்காரத்தில் இரண்டு வகையைக் கவனியுங்கள். ‘ஷோலார் சாஜ்’ முழுக்க வெள்ளை. தஞ்சாவூரில் நெட்டி வேலை பார்த்தவர்களுக்கு உடனே அடையாளம் தெரியும், அதே நெட்டிதான். ‘டாக்கேர் சாஜ்’ வெள்ளித்தகட்டுப் பளபளப்பு. ஒரு காலத்தில் அந்தத் தகடு ஜெர்மனியிலிருந்து தபாலில் வந்ததால் ‘டாக்’ அலங்காரம்.

சதுர்த்திக்குப் போனால் பெரிய சிலைகளில் பெரும்பாலானவை கிளம்பியிருக்கும். அதனால் கொல்கத்தாவில் இறங்கிய முதல் காலையே போங்கள். படம் எடுக்கும் முன் கேட்க வேண்டும். சிலர் காசு கேட்பார்கள், சிலர் மறுப்பார்கள், இரண்டும் நியாயமே. சிலை தூக்கி வருகிறவர்கள் குரல் கொடுத்தால் சுவரோடு ஒட்டி நில்லுங்கள். அந்தச் சந்தில் அவர்களால் நிற்கவோ திரும்பவோ முடியாது.

படி 3: எதைப் பார்க்கிறோம் என்று தெரிந்து பார்ப்பது

மூன்று வகை உண்டு. ‘பொனேதி பாரி’ என்பது பழைய செல்வர் வீட்டுப் பூஜை. பரிஷாவில் சாபர்ண ராய் சௌத்ரி குடும்பத்தின் பூஜை 1610-இல் தொடங்கியது. ஷோபாபஜார் ராஜபாடியில் நபகிருஷ்ண தேவ் தொடங்கியது 1757, பிளாசிப் போர் நடந்த அதே ஆண்டு. இங்கே நடுமுற்றம், தூண்கள், மண்டபம் எல்லாம் நிரந்தரக் கட்டடம். துர்கையும் நான்கு பிள்ளைகளும் ஒரே பின்புலச் சட்டத்துக்குள் அடங்கிய ‘ஏக்சாலா’ சிலை. வீடு என்பதை மறக்க வேண்டாம். செருப்பைக் கழற்றுவது, குரலைத் தாழ்த்துவது எல்லாம் அங்கே எதிர்பார்க்கப்படும்.

இரண்டாவது ‘சாபேக்கி’: தெரு முழுக்கச் சேர்ந்து மரபு மாறாமல் நடத்துவது. பாக்பஜார் இதற்கு முதல் உதாரணம். பெரிய முகம், நீண்ட கண், தலைக்கு மேல் உயர்ந்து நிற்கும் அலங்காரம்.

மூன்றாவது ‘தீம்’ பந்தல். 1985-இல் ஏஷியன் பெயிண்ட்ஸ் தொடங்கிய சரத் ஷம்மான் பரிசு, குழுக்களுக்குள் போட்டியை மூட்டியது. 2001-இல் போஸ்புக்கூரில் டீ குடித்து வீசும் மண் குவளைகளாலேயே ஒரு பந்தல் எழுந்து ஊரே திரண்டது. கொரோனா ஆண்டான 2020-இல் பரிஷா கிளப்பில் துர்கை, குழந்தையை இடுப்பில் சுமந்து நடக்கும் புலம்பெயர் தொழிலாளித் தாயாக நின்றாள். பத்து ஆயுதம் இல்லாமலே அது துர்கைதான் என்று எல்லோருக்கும் புரிந்தது.

தீம் பந்தலுக்குள் நுழைந்ததும் எல்லோரும் செல்போனைத் தூக்கிக்கொண்டு சிலையை நோக்கி நகர்வார்கள். நீங்கள் அண்ணாந்து பாருங்கள், கூரையில்தான் வேலைப்பாடு அதிகம். பிறகு பொருள் என்ன என்று பாருங்கள்: மூங்கில் சீவலா, தகரமா, பழைய நூலா? வாசலில் கருத்தையும் கலைஞர் பெயரையும் எழுதிய பலகை இருக்கும். வங்காளத்தில் மட்டும் இருந்தால் செல்போன் மொழிபெயர்ப்பு போதும். கடைசியாகச் சிலை. மண்டபத்தின் நிறமும் சிலையின் நிறமும் ஒன்றோடொன்று பேசினால் நல்ல பந்தல். மண்டபம் ஒரு கதை, சிலை வேறு கதை என்றால் செலவு மட்டும் பெரிது. புகழ்பெற்ற கட்டடத்தை அப்படியே நகலெடுக்கும் பந்தல்களுக்குக் கூட்டம் குவியும். எங்கள் கணக்கில் அவை கடைசி. 2021-இல் ஸ்ரீபூமியின் புர்ஜ் கலீஃபா நகல், கூட்டம் கட்டுக்கடங்காமல் போய்ப் பார்வையாளருக்கு மூடப்பட்டது.

படி 4: வடக்குச் சுற்று, பகலில்

வடக்கே தெருக்கள் குறுகல், வீடுகள் பழசு. பகலில் பார்த்தால் பச்சை ஜன்னல் கதவுகளும் இரும்புப் பால்கனிகளும் சேர்த்துக் கிடைக்கும். ஷ்யாம்பஜார் மெட்ரோவில் இறங்கி பாக்பஜார், அங்கிருந்து தெற்கே குமார்துலி பார்க், அஹிரிடோலா, முடிவில் ஷோபாபஜார் ராஜபாடி. ஷோபாபஜார் மெட்ரோவில் ஏறிவிடலாம். காலை எட்டுக்குத் தொடங்கினால் ஒரு மணிக்குள் முடியும். வெயிலும் புழுக்கமும் அதற்கு மேல் தாங்காது.

காலேஜ் ஸ்கொயரை மட்டும் இரவுக்கு வையுங்கள். குளத்து நீரில் விளக்கு அலங்காரம் தெரிவதுதான் அங்கே விசேஷம். மகாத்மா காந்தி சாலை மெட்ரோ பக்கம்.

படி 5: தெற்குச் சுற்று, நள்ளிரவுக்குப் பின்

காளிகாட் மெட்ரோவிலிருந்து ராஷ்பிஹாரி அவென்யூ வழியாகக் கரியாஹாட் வரை நேர்கோடாக இரண்டு கிலோமீட்டர் சொச்சம்தான். ஆனால் பந்தல்கள் இருபக்கத் தெருக்களில் இருப்பதால் ஐந்தாறு கிலோமீட்டர் நடப்பீர்கள். வரிசை இப்படி: பாதாம்தலா, 66 பல்லி, தேசப்பிரிய பார்க், திரிதாரா, பாலிகஞ்ச் கல்சுரல், சமாஜ் சேபி, ஹிந்துஸ்தான் பார்க், கடைசியில் ஏக்டாலியா, சிங்கி பார்க். முடித்ததும் பாலிகஞ்ச் ரயில் நிலையம் நடக்கும் தூரம். சியால்தா போகும் லோக்கல் ரயில் கிடைக்கும்.

நடுவில் வரும் லேக் மார்க்கெட் பல தலைமுறையாகத் தமிழர்கள் குடியிருக்கும் பகுதி. வாழையிலையும் காப்பிப் பொடியும் கிடைக்கும், இட்லிக்கும் வழி உண்டு. மீன் வாசனையில் வயிறு சுருங்குகிறவர்கள் இங்கே ஓர் இடைவேளை போட்டுக்கொள்ளலாம். மற்ற இடங்களில் ‘நிராமிஷ்’ என்று கேட்டால் சைவம்.

நேரம்தான் முக்கியம். மாலை ஆறிலிருந்து நள்ளிரவு வரை வரிசையில் நிற்பதிலேயே பொழுது போகும். இரவு இரண்டுக்கு மேல் கூட்டம் தளரும், நாலரைக்கு மிகக் குறைவு. விளக்கும் அணைந்திருக்காது. சாப்பிட்டுவிட்டு ஒன்பது மணிக்குத் தூங்கி, ஒன்றரைக்கு எழுந்து கிளம்புங்கள். சப்தமி முதல் நவமி வரை வழக்கமாக மெட்ரோ நள்ளிரவு தாண்டியும் ஓடும். அந்த ஆண்டின் அட்டவணையைப் பார்த்துவிடுங்கள், மற்ற இரவுகளில் ஓடாது.

வரிசைக்குள் நுழையும் முன் தெரிந்துகொள்ள வேண்டியது: மூங்கில் தடுப்பு எல்லாம் ஒருவழி. நுழைந்த வாசலில் வெளியே வர முடியாது. வெளியேறும் இடம் சில சமயம் அடுத்த தெருவில் இருக்கும். கூட்டத்தில் செல்போன் சிக்னல் விழுந்துவிடும், யுபிஐ வேலை செய்யாது. அதனால் பிரிந்துபோனால் சந்திக்கும் இடத்தை ஒவ்வொரு பந்தலுக்கும் முன்பே பேசுங்கள். ‘பந்தல் வாசல்’ என்று சொல்லாமல் மெட்ரோ நிலையப் பெயரைச் சொல்லுங்கள். குழந்தையின் சட்டைப்பையில் பெயரும் தொலைபேசி எண்ணும் எழுதிய சீட்டு. பத்து, இருபது ரூபாய்த் தாள்களாக ஐந்நூறு ரூபாய் சில்லறை. கழிப்பறைக்கு மெட்ரோ நிலையத்தில் இறங்கும்போதே போய்விடுங்கள். கொல்கத்தா போலீஸ் ஆண்டுதோறும் வெளியிடும் பூஜை வரைபடத்தை முன்பே இறக்கிப் படமாகச் சேமித்து வையுங்கள். புதுச் செருப்பு வேண்டவே வேண்டாம். பூஜைக்கென்று வாங்கிய புது ஷூவில் கொப்புளம் வந்து நொண்டுகிறவர்கள் எத்தனையோ பேரை ஏக்டாலியா பக்கம் பார்க்கலாம்.

மழை வந்தால்

பூஜை செப்டம்பரில் விழும் ஆண்டுகளில் மழைக்காலம் முழுதாக விலகியிருக்காது. 2025 செப்டம்பர் 23-ஆம் தேதி, சஷ்டிக்கு ஐந்து நாள் இருக்கும்போது, சில மணி நேரத்தில் 250 மில்லிமீட்டர் அளவுக்குக் கொட்டித் தீர்த்தது. நகரமே மூழ்கியது. உயிரிழந்தவர்களில் பெரும்பாலோர் இறந்தது மின்சாரம் பாய்ந்து. பந்தல் இருக்கும் தெரு முழுக்கத் தற்காலிக மின்கம்பிகள். தேங்கிய நீரில் இறங்காதீர்கள். விளக்குக் கம்பம், அலங்கார வளைவு, இரும்புத் தடுப்பு எதையும் பிடிக்காதீர்கள். குடையைவிட மழைக்கோட்டு மேல், கூட்டத்தில் குடை விரிக்க இடம் இருக்காது.

படி 6: அஷ்டமியும் தசமியும்

சப்தமி விடியலில் ஆற்றுத்துறைக்குப் போனால், வாழைக்கன்றை நீராட்டிச் சிவப்புக்கரைப் புடவை கட்டிப் பிள்ளையார் பக்கத்தில் நிறுத்த எடுத்துவருவதைப் பார்க்கலாம். அஷ்டமி காலை எந்தத் தெருப் பந்தலிலும் புஷ்பாஞ்சலிக்கு வரிசையில் நிற்கலாம், யாரும் எந்த ஊர் என்று கேட்க மாட்டார்கள். மதியம் போக் என்னும் கிச்சடிப் பிரசாதம். சில இடங்களில் அதற்கு முன்பே சீட்டு வாங்கியிருக்க வேண்டும். பேலூர் மடத்தில் 1901-இல் விவேகானந்தர் தொடங்கிய குமாரி பூஜையும் அன்றுதான். அஷ்டமியின் கடைசி 24 நிமிடமும் நவமியின் முதல் 24 நிமிடமும் சேர்ந்த 48 நிமிடம் சந்தி பூஜை: 108 விளக்கு, 108 தாமரை, காதை அடைக்கும் டாக் மேளம். ஒரே ஒரு சடங்குதான் பார்க்க முடியும் என்றால் இதைப் பாருங்கள், பழைய வீடு ஒன்றில்.

தசமியன்று மணமான பெண்கள் அம்மனுக்கும் ஒருவருக்கொருவரும் குங்குமம் பூசுவார்கள். நல்ல உடையில் பக்கத்தில் போனால் சிவப்போடுதான் திரும்புவீர்கள். மாலையில் சிலை கரைப்பதற்குப் பாபுகாட், நிம்தலா, பாக்பஜார் துறைகள். பெரிய சிலைகள் அன்றே கிளம்பாது. சிலவற்றை 2016 முதல் ரெட் ரோட்டில் நடக்கும் ஊர்வலத்துக்கு நிறுத்தி வைப்பார்கள். ஊர்வலத் தேதி பார்த்துத் திரும்பும் டிக்கெட் போட்டால் ஒரே மாலையில் பல சிலைகளை உட்கார்ந்தபடி பார்க்கலாம்.

தவறவிட்டவை இருந்தால் ரவீந்திர சரோவர் ஏரிக்கரைக்குப் போங்கள். கரைக்காமல் காப்பாற்றிய சில பரிசுச் சிலைகளை அங்கே ஒரு காட்சிக்கூடத்தில் வைத்திருக்கிறார்கள். பந்தல்களுக்கு அந்த வாய்ப்பு இல்லை. தசமி முடிந்த வாரமே சாரம் ஏறிப் பிரித்துவிடுவார்கள். நல்ல பாகங்கள் காளி பூஜைக்கும் ஜகத்தாத்ரி பூஜைக்கும் மாவட்ட ஊர்களுக்கு விலைபோகும். மூங்கில் வாடகைக்காரரிடம் திரும்பும்.