பழைய கம்ப்யூட்டரை மேம்படுத்தும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

விண்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடித்துக்கொண்டது. அதிலிருந்து எனக்கு வரும் போன்களில் பாதி ஒரே கேள்விதான்: "என் கம்ப்யூட்டர்ல விண்டோஸ் 11 ஏறாதுன்னு வருது, தூக்கிப் போட்டுடலாமா?" சிலர் கேட்பதற்கு முன்பே ரேம் வாங்கி வந்துவிடுகிறார்கள். இன்னும் சிலர் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்ற இலவச சிஸ்டம் போடப் போய் ஹார்டு டிஸ்கையே அழித்துவிட்டு வருகிறார்கள். அதற்கு முன்னால் ஒரு மணி நேரம் ஒதுக்கி, பெட்டிக்குள் என்ன இருக்கிறது, அது எந்த நிலையில் இருக்கிறது என்று பார்த்திருந்தால் காசும் மிஞ்சியிருக்கும், கோப்புகளும் தப்பியிருக்கும்.

எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் இருக்கிறார். 2012-இல் வாங்கிய மெஷின். "ரொம்ப ஸ்லோவா இருக்கு தம்பி, ஒரு 8 ஜிபி ரேம் போட்டுக் குடுத்துடுங்க" என்றார். ஆன் செய்துவிட்டுக் காதைக் கிட்டே வைத்தேன். சில நொடிகளுக்கு ஒருமுறை உள்ளே 'டிக்' என்று ஒரு சத்தம். டாஸ்க் மேனேஜரைத் திறந்தால் ரேம் பாதிதான் நிரம்பியிருந்தது. டிஸ்க் மட்டும் 100 சதவீதத்தில் நின்றது, ஆனால் நொடிக்கு 1 எம்பி கூட நகரவில்லை.

"சார், ரேம் அப்புறம் பார்க்கலாம். முதல்ல உங்க ஃபைல் எல்லாத்தையும் வெளியே எடுத்துடணும்" என்றேன்.

சோதனை முதலில், பேக்கப் பிறகு என்பது

நான் பார்த்ததிலேயே பெரிய இழப்பு இந்த வரிசைப் பிசகால் வருவதுதான். கம்ப்யூட்டர் மெதுவாக இருந்தால் உடனே டிஃப்ராக் போடுகிறோம், செக் டிஸ்க் ஓட்டுகிறோம், டிஸ்க் முழுவதையும் படித்துப் பார்க்கும் சோதனையைத் தொடங்குகிறோம். நல்ல டிஸ்க்குக்கு இதனால் ஒன்றும் ஆகாது. தேய்ந்துபோன டிஸ்க்குக்கு இதுவே கடைசி ஓட்டமாகிவிடும். எனவே முதலில் முக்கியமான கோப்புகளை வேறொரு டிஸ்க்கில் நகலெடுங்கள், சோதனையெல்லாம் அதன் பிறகு.

டிஸ்க்கின் உடல்நிலையை அது தானே ஒரு பட்டியலில் எழுதிவைத்துக்கொண்டு வரும். அதற்கு ஸ்மார்ட் என்று பெயர். கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருள் அதை வாசித்துக் காட்டும். டிஸ்க்குக்குச் சிரமம் தராத பார்வை என்பதால் நகலெடுப்பதற்கு முன்பேகூட இதைப் பார்த்துவிடலாம். நீளமான பட்டியலில் ஹார்டு டிஸ்க்குக்கு இரண்டு வரிகள் முக்கியம். ஒன்று ரீஅலொகேட்டட் செக்டர்ஸ், அதாவது கெட்டுப்போய் மாற்றிடம் கொடுக்கப்பட்ட பகுதிகள். மற்றது கரண்ட் பெண்டிங் செக்டர், படிக்க முடியாமல் முடிவுக்குக் காத்திருக்கும் பகுதிகள். இரண்டிலும் பூஜ்யம் இருக்க வேண்டும். இரண்டாவது வரியில் எண் ஏறிக்கொண்டே போனால் அந்த டிஸ்க்கை நம்பி எதையும் வைக்காதீர்கள்.

ஆசிரியரின் டிஸ்க்கில் அந்த இரண்டாவது வரியில் 128 என்று காட்டியது. அந்த மென்பொருள் வழக்கமாக ஹெக்ஸா என்ற 16 அடிமான முறையில்தான் இந்த எண்களைக் காட்டும். எனவே 128 என்றால் உண்மையில் 296 இடங்கள். இப்படிப்பட்ட டிஸ்க்கை வைத்துக்கொண்டு ரேம் போட்டு என்ன பயன்?

நகலெடுப்பதிலும் ஒரு பிழை உண்டு. டெஸ்க்டாப்பையும் டாக்குமெண்ட்ஸையும் எடுத்துவிட்டு முடிந்தது என்று நினைப்பார்கள். பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகள், டேலி கணக்குத் தரவு, போனிலிருந்து ஏற்றிய படங்கள் எல்லாம் வேறு இடங்களில் கிடக்கும். தமிழில் நிறைய எழுதியவர்களுக்கு இன்னொன்றும் உண்டு: எழுத்துருக்கள். ஆசிரியர் 15 ஆண்டுகளாக எழுதிய கட்டுரைகள் பாமினி என்ற, யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருவில் இருந்தன. கோப்பை மட்டும் எடுத்துக்கொண்டு புதிய சிஸ்டத்தில் திறந்தால் ஆங்கில எழுத்தும் குறியுமாகத்தான் தெரியும். விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் ஃபாண்ட்ஸ் ஃபோல்டரிலிருந்து பாமினி, வானவில் போன்றவற்றையும் சேர்த்து எடுத்துவிடுங்கள். யூனிகோடுக்கு மாற்றுவதை அப்புறம் நிதானமாகச் செய்யலாம்.

ஸ்டிக்கரை நம்புவது

"ஐ5 தானே தம்பி, நல்ல மெஷின்னு சொல்லித்தானே வாங்கினேன்?" என்று கேட்டார் ஆசிரியர். நல்ல மெஷின்தான். ஆனால் ஐ5 என்ற பிராசசர் பெயர் மட்டும் எதையும் சொல்லாது. பின்னால் வரும் எண்ணைப் பாருங்கள். ஐ5-2400 என்றால் முதல் இலக்கமான 2, இரண்டாம் தலைமுறை என்று சொல்கிறது. ஐ3-7100 ஏழாம் தலைமுறை. ஐ5-10400 போல ஐந்து இலக்கம் வந்தால் முதல் இரண்டு இலக்கத்தைப் படிக்க வேண்டும், பத்தாம் தலைமுறை. விண்டோஸ் 11 பொதுவாக இன்டெலில் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் ஏற்கும். ஏஎம்டி ரைசன் என்றால் 2000 வரிசையிலிருந்து. ஒன்றிரண்டு விதிவிலக்குகள் தவிர மற்றவை பட்டியலில் இல்லை.

இதற்கு நேர் எதிரான தவறும் நடக்கிறது. எட்டாம் தலைமுறை, ஒன்பதாம் தலைமுறை மெஷின்களையே "11 ஏறாது" என்ற செய்தியைப் பார்த்துவிட்டு விற்றுவிடுகிறார்கள். பெரும்பாலும் அங்கே குறை ஒன்றுதான்: டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புப் பகுதி பயாஸில், அதாவது விண்டோஸ் கிளம்பும் முன் திறக்கும் போர்டின் அமைப்புத் திரையில், அணைந்து கிடக்கும். இன்டெல் போர்டுகளில் பிடிடி என்றும் ஏஎம்டி போர்டுகளில் எஃப்டிபிஎம் என்றும் இருக்கும். அதை ஆன் செய்துவிட்டு, விண்டோஸ் செக்யூரிட்டியில் டிவைஸ் செக்யூரிட்டி பக்கத்தைத் திறந்தால் செக்யூரிட்டி பிராசசர் என்று ஒரு வரி வந்திருக்கும். செலவு எதுவும் இல்லை.

குறுக்கு வழியில் 11-ஐ ஏற்றுவது பற்றியும் கேட்கிறார்கள். ஏற்றலாம், ஓடவும் ஓடும். ஆனால் அந்த மெஷின்களுக்கு அப்டேட் தருவதற்கு உத்தரவாதம் இல்லை என்று மைக்ரோசாஃப்டே சொல்கிறது. பழைய கோர் 2 டுயோ என்றால் அதுவும் நடக்காது. 2024-இல் வந்த விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பு கேட்கும் எஸ்எஸ்இ4.2 என்ற கட்டளைத் தொகுதி அந்தச் சில்லுகளில் கிடையாது. வங்கிக் கணக்குப் பார்க்கும் கம்ப்யூட்டரில் இந்த வேலை வேண்டாம் என்பதுதான் என் கருத்து.

பயாஸில் கைவைத்துவிட்டுப் பயப்படுவது

விண்டோஸ் 11-க்கு செக்யூர் பூட் (நம்பகமான மென்பொருளை மட்டும் கிளம்பவிடும் வசதி) வேண்டும் என்று படித்துவிட்டு, பயாஸில் லெகசி என்ற பழைய கிளம்பும் முறையை யூஇஎஃப்ஐ என்ற புதிய முறைக்கு மாற்றுவார்கள். மறுநொடி விண்டோஸ் கிளம்பாது. டிஸ்க் எம்பிஆர் என்ற பழைய முறையில் பிரிக்கப்பட்டிருப்பதுதான் காரணம். பதற வேண்டாம், பழையபடி லெகசிக்கு மாற்றினால் மறுபடி கிளம்பும். விண்டோஸ் 10-லேயே எம்பிஆர்2ஜிபிடி என்ற கருவி இருக்கிறது. தரவை அழிக்காமல் பிரிப்பு முறையை மட்டும் புதிய ஜிபிடிக்கு மாற்றித் தரும், அதை முதலில் ஓட்டிவிட்டுத்தான் பயாஸைத் தொட வேண்டும். பேக்கப் இல்லாமல் அதையும் செய்யாதீர்கள்.

லேப்டாப் வைத்திருப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். டிஸ்க் பிட்லாக்கர் என்ற விண்டோஸ் வசதியால் பூட்டப்பட்டிருப்பது பலருக்குத் தெரியவே தெரியாது. பயாஸில் டிபிஎம்மை மாற்றினாலோ அழித்தாலோ, அடுத்த முறை ஆன் செய்யும்போது 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்டு நின்றுவிடும். அந்தச் சாவி பெரும்பாலும் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். முன்பே பார்த்து ஒரு தாளில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

அளவு கேட்டு ரேம் வாங்குவது

என் அக்கா ஒருமுறை கடையில் "8 ஜிபி ரேம்" என்று மட்டும் கேட்டு வாங்கி வந்தாள். கடைக்காரர் கொடுத்தது டிடிஆர்4. அவள் போர்டு டிடிஆர்3. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், கீழ் விளிம்பில் இருக்கும் வெட்டு வேறு வேறு இடத்தில் இருப்பது தெரியும். ஒன்றின் இடத்தில் மற்றது உட்காராது. அழுத்திப் பார்த்தால் ஸ்லாட்தான் உடையும்.

டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபாமன்ஸ், அதில் மெமரி. எத்தனை ஸ்லாட், எத்தனை நிரம்பியிருக்கிறது, எந்த வேகம் என்று அங்கேயே தெரியும். வகையையும் உறுதிசெய்ய, இருக்கும் ரேமைக் கழற்றி அதன் ஸ்டிக்கரை போனில் படம் எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். லேப்டாப் என்றால் வோல்டேஜையும் பாருங்கள். சாதாரண டிடிஆர்3 1.5 வோல்ட், டிடிஆர்3எல் 1.35 வோல்ட். நான்காம் தலைமுறை லேப்டாப்கள் பெரும்பாலும் இரண்டாவதைத்தான் கேட்கும். மெல்லிய லேப்டாப்களில் ரேம் போர்டோடு பற்றவைக்கப்பட்டிருக்கலாம், அங்கே வாங்குவதற்கே ஒன்றும் இல்லை.

ரேம் சரியாகப் பொருந்தியும் 4 ஜிபிக்கு மேல் பயன்படாமல் நின்றால், செட்டிங்ஸில் அபவுட் பக்கத்தில் உள்ள சிஸ்டம் டைப் வரியைப் படியுங்கள். "32 பிட் ஆபரேட்டிங் சிஸ்டம், எக்ஸ்64 பிராசசர்" என்று இருந்தால் சில்லு 64 பிட்தான், விண்டோஸ்தான் 32 பிட். ரேமில் குறை இல்லை. புதிதாக 64 பிட் சிஸ்டம் போட வேண்டும்.

ஹார்டு டிஸ்க்குக்குப் பதிலாகப் போடும் எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாத வேகமான சேமிப்பு) விஷயத்தில் சுருக்கமாகச் சொல்கிறேன். எம்.2 என்பது வடிவத்தின் பெயர்தான். அதில் சாட்டா என்ற பழைய இணைப்பும் உண்டு, என்விஎம்இ என்ற வேகமான இணைப்பும் உண்டு, உங்கள் போர்டு எதை ஏற்கும் என்று அதன் கையேட்டில் பாருங்கள். 2012 காலத்து மெஷினுக்கு சாதாரண 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டியே போதும். பழைய ஹார்டு டிஸ்க் நொடிக்கு 100 எம்பி சுற்றுவட்டாரத்தில் படிக்கும், இது 500-ஐத் தொடும். மற்ற எந்தச் செலவையும்விட இந்த ஒன்றில் வித்தியாசம் உடனே தெரியும்.

சின்னதென்று விட்டுவிடுவது

ஆசிரியரின் மெஷினில் ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் தேதி பல வருடம் பின்னால் போய் நின்றது. அதனால் வங்கித் தளம் பாதுகாப்பு எச்சரிக்கை காட்டித் திறக்க மறுத்தது. அவர் விண்டோஸ் கெட்டுவிட்டது என்று நினைத்திருந்தார். போர்டில் இருக்கும் நாணய வடிவ பேட்டரி, சிஆர்2032, தீர்ந்துபோயிருந்தது. அவ்வளவுதான். இந்த பேட்டரி தீர்ந்தால் பயாஸில் நீங்கள் மாற்றியதும் மறந்துபோகும், எனவே அதை மாற்றிவிட்டே மற்றதைத் தொடங்குங்கள்.

பெட்டியைத் திறந்த கையோடு போர்டில் இருக்கும் கெப்பாசிட்டர்களின் தலையைப் பாருங்கள். தட்டையாக இருக்க வேண்டும். உப்பியிருந்தாலோ பழுப்பாகக் கசிந்திருந்தாலோ அந்த போர்டில் காசு போடாதீர்கள். கிராபிக்ஸ் கார்டு வாங்கும் எண்ணம் இருந்தால் மின்சாரம் தரும் பெட்டியான எஸ்எம்பிஎஸ்ஸையும் பாருங்கள். ஸ்லாட் வழியாக 75 வாட்தான் கிடைக்கும், அதற்கு மேல் கேட்கும் கார்டுக்கு எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து தனி வயர் வர வேண்டும்.

லினக்ஸை ஓட்டிப் பார்க்காமல் நிறுவுவது

ஆசிரியரின் மெஷினில் 11 முறைப்படி ஏறாது என்பதால், லினக்ஸ் வகைகளில் ஒன்றான லினக்ஸ் மின்ட் போடலாம் என்று முடிவெடுத்தோம். அதன் 22-ஆம் பதிப்புக்குக் குறைந்தது 2 ஜிபி ரேம், வசதியாக ஓட 4 ஜிபி. 64 பிட் மட்டும்தான். பென் டிரைவிலிருந்தே நிறுவாமல் ஓட்டிப் பார்க்கலாம் என்பது பெரிய வசதி, ஆனால் பலர் டெஸ்க்டாப் வந்ததும் திருப்திப்பட்டு இன்ஸ்டால் பொத்தானை அழுத்திவிடுகிறார்கள். அதற்கு முன் வைஃபை பிடிக்கிறதா, யூடியூபில் சத்தம் வருகிறதா, பிரிண்டர் ஒரு பக்கமாவது அடிக்கிறதா, ஸ்லீப்பிலிருந்து எழுகிறதா என்று பாருங்கள். பிராட்காம் வைஃபை சில்லுகளுக்குப் பல சமயம் தனி டிரைவர் வேண்டும். சில பழைய லேசர் பிரிண்டர்கள் லினக்ஸில் படாத பாடு படுத்தும். டேலியோ, டிஜிட்டல் கையெழுத்து டோக்கனோ அன்றாடம் தேவைப்படுபவர்கள் விண்டோஸை விட்டு முழுதாக வெளியேறாமல் இருப்பது நல்லது. தமிழ்99 விசைப்பலகை ஐபஸ் என்ற தட்டச்சுக் கருவி வழியாகக் கிடைக்கிறது, ஒரு வரி தட்டிப் பார்த்துவிடுங்கள்.

வேகத்தை மட்டும் பென் டிரைவில் வைத்து எடைபோடாதீர்கள். பழைய யூஎஸ்பி 2 துளையில் எதுவும் தள்ளாடத்தான் செய்யும்.

கடைசியில் ஆசிரியர் வாங்கியது ஒரு 240 ஜிபி எஸ்எஸ்டி, ஒரு பேட்டரி, இரண்டு மட்டும்தான். அவரிடம் இருந்த 4 ஜிபி ரேமே போதுமாக இருந்தது. பாமினி எழுத்துருவைப் போட்டு அவருடைய பழைய கட்டுரை ஒன்றைத் திறந்து கொடுத்தேன். முதல் பத்தியை வாய்விட்டுப் படித்துவிட்டு, அதிலிருந்த ஒரு ஒற்றுப்பிழையைத் திருத்தினார்.

கழற்றிய ஹார்டு டிஸ்க்கை அவர் பழைய இரும்புக் கடைக்குப் போடச் சொன்னார். நான் கொடுக்கவில்லை. அதில் பென்ஷன் தாள்களும் ஆதார் நகலும் இருந்தன. வழக்கமாகப் போடும் குயிக் ஃபார்மட் அவற்றை அழிப்பதில்லை, மீட்டெடுக்கும் மென்பொருள் எவரிடமும் கிடைக்கும். சாகக் கிடக்கும் டிஸ்க்கை முழுதாக மேலெழுதி அழிப்பதும் நிச்சயமில்லை. எனவே திருகுகளைக் கழற்றி, உள்ளே இருந்த தட்டில் ஸ்க்ரூ டிரைவரால் ஆழமாகக் கீறிவிட்டுத்தான் அனுப்பினோம்.