சீனக் கதைகளை மோ யானில் தொடங்காதீர்கள்

சேலத்தில் நாலு பேர் சேர்ந்து சீன நாவல் படிக்கலாம் என்று உட்கார்ந்தால் முதலில் கைக்கு வருவது மோ யான், 2012-ல் நோபல் வாங்கியவர் ஆயிற்றே. அவரைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். அவர் கலைத்துப்போட்டு விளையாடும் யதார்த்தக் கதை எப்படி இருக்கும் என்று தெரியாமல் படித்தால் வெறும் வித்தையாகத்தான் தெரியும்.

முதலில் சி லி. 1987-ல் வந்த அவருடைய குறுநாவல் வூஹானில் இரும்பாலை வேலைக்குப் போகும் ஒருவனின் ஒரே ஒரு நாள்தான்: விடியுமுன் மகன் கட்டிலிலிருந்து விழுகிறான், கழிப்பறைக்கு வரிசை, பையனையும் தூக்கிக்கொண்டு பஸ், அப்புறம் யாங்சி ஆற்றைக் கடக்கப் படகு, ஆலைக்குப் போனால் இந்தத் தடவை நம் முறை என்று நம்பியிருந்த போனஸ் இல்லை. வீட்டில் யாராவது உருக்காலை ஷிப்டுக்குப் போனவர் இருந்தால் இதற்கு விளக்கமே வேண்டாம்.

அடுத்து லியூ ஜென்யுன், 1991-ல் வந்த அவருடைய கதை. முதல் வரியிலேயே டோஃபு (சோயா பன்னீர்) புளித்துப்போகிறது. காலை ஆறு மணிக்கு எழுந்து அரசுக் கடை வரிசையில் நின்று வாங்கியது, ஆபீஸ் பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில் ஃபிரிட்ஜில் வைக்க மறந்தாயிற்று, சாயங்காலம் புருஷன் பெண்டாட்டி சண்டை. காசு, வரிசை, சாப்பாடு வரும் இடங்களில் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டே படியுங்கள், ஆட்களின் மனசு அங்கேதான் பிடிபடும்.

இதில் என்ன புதுசு? 1942-ல் கம்யூனிஸ்டுகளின் தளமாக இருந்த யெனானில் மாவோ பேசியதிலிருந்து, தொழிலாளி, விவசாயி, சிப்பாய்க்குத்தான் எழுத்து என்றாகி, கதைகளில் மாசுமருவற்ற வீரர்கள் நிறைந்தார்கள். கலாச்சாரப் புரட்சி முடிந்து, 1978-ல் லூ ஷின்ஹுவா என்ற கல்லூரி மாணவர் எழுதிய ‘வடு’ சிறுகதையின் பெயரையே, அந்தப் புரட்சிக் காலத்துக் காயங்களைச் சொன்ன கதைகளின் அலைக்கு வைத்தார்கள். தேவையான அழுகைதான், ஆனால் அந்த அலையில் பல கதைகள் அழுகையோடு நின்றுவிட்டன என்பேன். டோஃபு கெட்டதெல்லாம் கதைக்குள் வந்தது இதற்கெல்லாம் பிறகு.

சரி, இப்போது ஒரு ஜோடி. யூ ஹுவாவின் 1995 நாவலில் பட்டாலைத் தொழிலாளி ஒருவர் ரத்தம் விற்றதும் ஓட்டலில் உட்கார்ந்து வறுத்த பன்றி ஈரலும் சூடான அரிசி மதுவும் கேட்பார், ஒவ்வொரு தடவையும் சடங்கு மாதிரி. யான் லியன்கேயின் 2006 நாவலிலும் ரத்தம் விற்கிறார்கள், ஊரே எய்ட்ஸில் சாகிறது, கதை சொல்வது செத்துப்போன ஒரு சிறுவன். யதார்த்தம் எங்கே விரிசல் விடுகிறது என்று பார்க்க இரண்டையும் அடுத்தடுத்துப் படியுங்கள். அது முடிந்ததும் மோ யானை எடுக்கலாம்.