மிஞ்சிய டைஃபுகு: ஃப்ரிட்ஜில் வேண்டாம், ஃப்ரீசரில் வையுங்கள்

உள்ளே இனிப்பு விழுது வைத்த ஜப்பானிய அரிசி உருண்டையான டைஃபுகு மோச்சி மிஞ்சிவிட்டால் ஃப்ரிட்ஜில் வைக்காதீர்கள். ஒவ்வொன்றையும் காற்றுப் புகாமல் பிளாஸ்டிக் தாளில் சுற்றி, அன்றைக்கே ஃப்ரீசரில் வைத்துவிடுங்கள். வேண்டும்போது எடுத்து ஒன்றிரண்டு மணி நேரம் வெளியே வைத்தால் போதும். விரலால் அழுத்தினால் பழையபடி குழைந்து கொடுக்கும்.

அதன் தோல் பசையரிசியால் ஆனது. வெந்த மாவுச்சத்து 0 டிகிரிக்குச் சற்று மேலான குளிரில்தான் வேகமாக இறுகும். ஃப்ரிட்ஜில் வைத்த சோறு மறுநாள் விறைத்துப்போவதும் இதனால்தான். ஃப்ரீசரில் அந்த மாற்றம் ஏறக்குறைய நின்றுவிடுகிறது. உள்ளிருக்கும் அசுகி பயறு விழுதில் சர்க்கரை அதிகம் என்பதால் அதற்கும் கெடுதல் இல்லை.

இச்சிகோ டைஃபுகுவுக்கு மட்டும் இது ஆகாது. உள்ளே முழு ஸ்ட்ராபெர்ரி இருக்கிறதே, உறைந்து இளகியதும் நீர்விட்டுத் தோலை நசநசக்க வைத்துவிடும். அதை வாங்கிய அன்றே சாப்பிட்டுவிடுங்கள்.