கடைசி யூரியா எப்போது போட்டீர்கள்?

சேமித்த உருளைக்கிழங்கு அழுகினால் முதலில் கிடங்கைத்தான் திட்டுவோம். நானும் திட்டியவன்தான். ஒரு வருடம் வயலின் மேற்கு மூலையில் செடி வெளிறிக் கிடந்தது. மனசு கேட்காமல், அறுவடைக்கு ஐந்து வாரம் இருக்கும்போது அங்கே மட்டும் கூடுதலாக யூரியா வீசினேன். செடி கரும்பச்சையாகத் தழைத்து நின்றது. நல்ல வேளை, அந்த மூலைக் கிழங்கைத் தனியாக மூட்டை கட்டியிருந்தேன். ஒரே கொட்டகை, ஒரே காற்று. இரண்டாம் மாதம் அந்த மூட்டைகள் மட்டும் ஈரம் கசிந்து நாறின.

யூரியா தரும் தழைச்சத்து (நைட்ரஜன்) கடைசி நேரத்தில் கிடைத்தால் செடி முதிராது, இலை விட்டுக்கொண்டே இருக்கும். கிழங்கில் மாவு சேராது, தோலும் இறுகாது. தோண்டும்போது உரிந்த இடம் வழியே நீர் ஆவியாகி எடை குறையும், கிருமியும் அதே வழியில் நுழையும். அதனால் தழைச்சத்தில் ஒரு பங்கை அடியுரமாகவும் மீதியைச் செடியின் அடியில் மண் அணைக்கும்போதும் கொடுத்து முடித்துவிடுங்கள். அதற்குப் பிறகு யூரியா மூட்டையைக் கண்ணில் படாத இடத்தில் வையுங்கள். மக்காத சாணமும் இதே வேலையைத்தான் செய்யும். தழைச்சத்தை மெதுவாக, வேண்டாத நேரத்தில் விடும். போதாததற்கு, கிழங்குத் தோலைச் சொரசொரப்பாக்கும் சொறி நோயையும் கூட்டி வரும்.

சாம்பல்சத்து (பொட்டாசியம்) குறைந்தால், அடிபட்ட கிழங்கு வெளியே நன்றாக இருந்து உள்ளே கருத்துவிடும். அதற்காக, அந்தச் சத்தைத் தரும் மியூரேட் பொட்டாஷ் உரத்தை அள்ளிக் கொட்டினால் கிழங்கில் நீர் ஏறி மாவு குறையும். வறுவலுக்குப் போகிற கிழங்கென்றால் நான் சல்பேட் பொட்டாஷ்தான் போடுவேன்.

பலரும் தவறுவது சுண்ணாம்புச்சத்தில் (கால்சியம்). செல்சுவரை உறுதியாக்கி அழுகலைத் தடுப்பது அதுதான். ஆனால் இலையில் தெளித்தால் கிழங்குக்கு இறங்காது. அது வேரிலிருந்து நீரோடு மேலே மட்டுமே போகும். கிழங்கும் அதைத் தாங்கும் தண்டும் விடும் சிறு வேர்கள் எடுத்தால்தான் கிழங்குக்குச் சேரும். எனவே அந்தச் சத்தைத் தரும் ஜிப்சத்தைக் கிழங்கு பிடிக்கும் மண்ணிலேயே கலக்க வேண்டும். சுண்ணாம்புத்தூள் மண்ணின் காரத்தன்மையை உயர்த்திச் சொறியை வளர்க்கும். ஜிப்சத்தில் அந்தத் தொல்லை இல்லை.

தோண்டுவதற்கு இரண்டு மூன்று வாரம் முன்பே செடியை வெட்டிவிடுங்கள். பிறகு ஒரு கிழங்கைத் தோண்டிக் கட்டைவிரலால் அழுத்தித் தேயுங்கள். தோல் வழுக்கி உரிந்தால் இன்னும் காத்திருங்கள். எடுத்த கிழங்கை இருட்டில், 10 முதல் 15 டிகிரி செல்சியஸில், நல்ல ஈரப்பதத்தில் இரண்டு வாரம் வைத்துக் காயம் ஆறவிட்டுப் பிறகு குளிரூட்டுங்கள்.

கிடங்கில் ஏற்றும் முன் நான் ஒரு சோதனை செய்வேன். 10 லிட்டர் தண்ணீரில் ஒன்றேகால் கிலோ உப்பைக் கரைத்து, மண் கழுவிய பத்துப் பன்னிரண்டு கிழங்கைப் போடுவேன். மூழ்கினால் உலர்பொருள், அதாவது நீர் போக மிஞ்சுவது, ஏறக்குறைய நூற்றுக்கு 20 பங்கோ அதற்கு மேலோ இருக்கிறது என்று அர்த்தம். ரகத்துக்கு ரகம் கொஞ்சம் மாறும், அதனால் ஒரே ரகத்தை ஒரே ரகத்தோடு ஒப்பிடுங்கள். சோதித்த கிழங்கு சமையலுக்குத்தான், கிடங்குக்கு வேண்டாம். எந்தப் பாத்திக் கிழங்கு அதிகம் மிதக்கிறதோ, அதை நான் உள்ளே அடுக்குவதே இல்லை. முதல் வண்டியிலேயே விற்பனைக்கு அனுப்பிவிடுவேன்.