போர்க்காலக் குடும்ப போஸ்டரைப் பார்ப்பது எப்படி?

போர்க்கால போஸ்டர் என்றதும் துப்பாக்கியும் டாங்கியும்தான் நினைவுக்கு வரும். ஆனால் ஆளை உலுக்கிய பல போஸ்டர்களில் இருப்பது வீட்டுக் கூடமும் பிள்ளைகளும்தான். அவற்றைப் படிக்க எனக்குக் கைகொடுக்கும் முறை இது. பழகுவதற்கு, முதல் உலகப் போரின்போது, 1915இல் பிரிட்டனில் சாவில் லம்லி வரைந்த போஸ்டரை எடுத்துக்கொள்வோம்.

முதல் வேலை, வாசகத்தைக் கையால் மறைப்பது. படத்தை மட்டும் பாருங்கள். நாற்காலியில் அப்பா. அவர் மடியில் மகள், விரித்த புத்தகத்தோடு. தரையில் மகன் பொம்மைச் சிப்பாய்களை வைத்து விளையாடுகிறான். குறை ஒன்றும் தெரியாத வீடு.

அடுத்து, கண்கள். அப்பாவின் பார்வை பிள்ளைகள் பக்கமே இல்லை. நேராக நம்மைப் பார்க்கிறார். ஏன் என்று யோசித்துவிட்டு, அப்புறம் கையை எடுங்கள்: ‘அப்பா, பெரும் போரில் நீங்கள் என்ன செய்தீர்கள்?’

இப்போது காலத்தைக் கவனியுங்கள். ‘செய்தீர்கள்’ என்பது இறந்தகாலம். போஸ்டர் வந்தபோதோ போர் நடந்துகொண்டிருந்தது. அப்படியென்றால் படத்தில் இருப்பது இனிமேல்தான் வரப்போகும் ஒரு நாள். போர் முடிந்து, வீடு பத்திரமாக இருக்கிறது. ஜெயித்துவிடுவோம் என்பதையும் சொல்லாமல் சொல்லியாகிவிட்டது. இவ்வளவு சுற்றிவளைப்பு எதற்கு? பிரிட்டனில் கட்டாய ராணுவச் சேவைச் சட்டம் 1916இல்தான் வந்தது. அதுவரை ஆண்கள் தாங்களாக முன்வந்து சேர வேண்டும். உத்தரவு போட வழியில்லாத இடத்தில் மகளைக் கேட்க வைத்தார்கள். ஒரு குழந்தையின் வெகுளிக் கேள்வியை இப்படிப் பயன்படுத்தியது எனக்கு இன்னும் உறுத்துகிறது.

சரி, கடைசியாக: குடும்பத்தில் யார் இல்லை? லம்லியின் படத்தில் அம்மா இல்லை. 1942இல் அமெரிக்காவில் லாரன்ஸ் பீல் ஸ்மித் வரைந்த போர்ப் பத்திர (போர்ச் செலவுக்கு மக்கள் அரசுக்குக் கடன் தரும் பத்திரம்) போஸ்டரில் பெற்றோர் இருவருமே இல்லை. புல்வெளியில் மூன்று குழந்தைகள். ஒருவன் கையில் பொம்மை விமானம். அவர்களைச் சுற்றிப் புல்லின்மேல் நாஜி ஸ்வஸ்திகாவின் நிழல். ‘அந்த நிழல் அவர்கள்மேல் பட விடாதீர்கள்’ என்கிறது வாசகம். பெற்றோரின் இடம் காலியாக இருப்பதால், பார்ப்பவர் தன்னையறியாமல் அங்கே போய் நின்றுவிடுகிறார்.

இனி நீங்களே ஒன்றைப் பாருங்கள். அமெரிக்க ஓவியர் நார்மன் ராக்வெல்லின் ‘பயத்திலிருந்து விடுதலை’, 1943. தூங்கும் பிள்ளைகளுக்குப் போர்வையைச் சரிசெய்கிறாள் அம்மா, பக்கத்தில் அப்பா நிற்கிறார். அவர் கையில் உள்ள செய்தித்தாளின் தலைப்பைப் பெரிதாக்கிப் படியுங்கள். பிறகு மறுபடி அந்தப் போர்வைக்கு வாருங்கள்.