டீச்சரிடம் இருக்கும் நல்ல ஐடியாவை ஒப்புதல் வரை கொண்டுபோவது எப்படி?

ஆசிரியர்களை உட்கார வைத்து "புதுசா ஏதாவது யோசனை சொல்லுங்க" என்று கேட்டால் எல்லோரும் அமைதியாகிவிடுவார்கள். அதே ஆட்களிடம் "இந்த வாரம் எந்தப் பிள்ளையைப் பார்த்து மனசு கஷ்டப்பட்டது?" என்று கேளுங்கள், பேச்சை நிறுத்த முடியாது. தலைமை ஆசிரியரோ, மூத்த ஆசிரியரோ, பயிற்சி நடத்துபவரோ, உதவ வருகிறவர் யாராக இருந்தாலும் இந்த இரண்டாவது கேள்வியிலிருந்து தொடங்குங்கள்.

கேட்டதை எழுதிக்கொள்ளுங்கள், உடனே தீர்வு சொல்லாதீர்கள். "பசங்களுக்குக் கணக்கே வரல" என்பதை வைத்துக்கொண்டு எதுவும் செய்ய முடியாது. எந்தக் கணக்கு, எந்த இடத்தில் நின்றுபோகிறது, அப்போது பிள்ளை என்ன செய்கிறது என்று தெரிய வேண்டும். அதற்கு நோட்டுகளைப் பரப்பிவைத்து இருவரும் சேர்ந்து பார்ப்பதுதான் வழி, பத்து நோட்டு போதும். நான் அப்படி ஒரு ஆசிரியரோடு உட்கார்ந்தபோது கூட்டல், பெருக்கல் எல்லாம் சரியாகவே இருந்தது. ஆனால் கதை மாதிரி வாக்கியமாகக் கொடுத்த கணக்குகளில் மட்டும், கேள்வியில் இருந்த இரண்டு எண்களை எடுத்து அப்படியே கூட்டி வைத்திருந்தார்கள், சில பக்கங்கள் அழித்து அழித்துக் கிழியும் நிலையில் இருந்தன. கணக்கு விளையாட்டுக்கு டேப்லெட் கேட்கலாம் என்று வந்தவர், கொஞ்ச நேரம் நோட்டையே பார்த்துவிட்டு, "இவங்க கேள்வியைப் படிக்கவே இல்லையே" என்றார். அன்றைக்கு டேப்லெட் பேச்சு முடிந்தது, உண்மையான வேலை ஆரம்பித்தது.

பிரச்சினை ஒரு வரியில் வந்தபிறகுதான் யோசனைக்குப் போக வேண்டும். இங்கே பெரும்பாலானவர்கள் கருவி, ஆப், புது அறை என்று போய்விடுகிறார்கள். காசே செலவாகாத மாற்றங்களையும் அவர்களிடம் எடுத்துச் சொல்லுங்கள். மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் வகுப்பறைப் பேச்சைப் பதிவுசெய்து கேட்டபோது, ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுச் சராசரியாக 1 விநாடி அளவுக்குத்தான் காத்திருந்தார்கள். அதை 3 விநாடிக்கு மேல் நீட்டியதும் பிள்ளைகளின் பதில்கள் நீளமாயின, "தெரியாது" என்பது குறைந்தது, தானாகப் பேச முன்வந்தவர்கள் கூடினார்கள். 1971-ல் அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்து ஆஸ்டினில் எலியட் அரான்சன் என்ற உளவியலாளர், வெவ்வேறு இனப் பிள்ளைகள் புதிதாக ஒன்றாகப் படிக்க வந்த வகுப்புகளில் பகை குறைய ஒரு வழி செய்தார். பாடத்தைத் துண்டுகளாக்கி, குழுவில் ஆளுக்கு ஒரு துண்டு கொடுத்தார். மற்றவன் சொல்வதைக் கேட்காமல் யாராலும் முழுப்பாடத்தைத் தெரிந்துகொள்ள முடியாது, அவ்வளவுதான் ஏற்பாடு.

அப்புறம் சோதனை. ஒரே வகுப்பு, ஒரே மாற்றம், எண்ணுவதும் ஒன்றே ஒன்று. நம் ஆசிரியர் விஷயத்தில், தினமும் பத்து நிமிடம் பென்சிலைத் தொடாமல் "கேள்வி என்ன கேட்கிறது?" என்று பக்கத்துப் பிள்ளைக்குச் சொந்த வார்த்தையில் சொல்ல வைப்பது. எண்ண வேண்டியது, எத்தனை பேர் சரியான வழியில் கணக்கைத் தொடங்கினார்கள் என்பது. மாற்றத்துக்கு முன்பே ஒருமுறை எண்ணிவிடுங்கள், இதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள், பிறகு ஒப்பிட எதுவும் இருக்காது. புதுசாக எதைச் செய்தாலும் முதல் வாரம் பிள்ளைகள் உற்சாகமாகத்தான் இருப்பார்கள், அதனால் குறைந்தது நான்கு வாரம் விடுங்கள். பலன் இல்லையென்றால் அதையும் எழுதி வையுங்கள்.

இதற்கெல்லாம் நேரம் வேண்டும். உண்மையாகவே உதவ நினைத்தால் அந்த ஆசிரியரின் ஒரு பீரியடை நீங்கள் எடுங்கள். எந்தப் பயிற்சி வகுப்பையும்விட இது பெரிய உதவி என்பது என் உறுதியான எண்ணம்.

சரி, இப்போது நிர்வாகத்திடம் பேசுவது. எதிரே உட்கார்ந்திருப்பவருக்கு என்ன கவலை என்று முதலில் யோசிக்க வையுங்கள்: போர்ஷன் முடியுமா, பெற்றோர் கேட்டால் என்ன சொல்வது, செலவு எவ்வளவு, இந்த ஆசிரியர் மாறிப்போனால் யார் தொடர்வது. மூன்று நிமிடப் பேச்சு போதும், ஸ்லைடு தேவையில்லை. பெயர் மறைத்த ஒரு நோட்டுப் பக்கத்தை, முன்பு ஒன்று, பின்பு ஒன்று, மேசையில் வைத்துவிட்டு இப்படிப் பேசலாம்: "வாக்கியக் கணக்குன்னா எங்க பிள்ளைங்க கேள்வியைப் படிக்காமலே கூட்டிடறாங்க. நாலு வாரம் இதைச் செஞ்சு பார்த்தோம். முன்னாடி இத்தனை பேர், இப்போ இத்தனை பேர். அடுத்த பருவத்துல இன்னும் ரெண்டு வகுப்புல செய்ய, வாரம் ஒரு பீரியட் ஆசிரியர்கள் சேர்ந்து உட்கார அனுமதி வேணும்." கேட்பது தெளிவாக, அவரே முடிவெடுக்கக்கூடிய அளவில் இருக்க வேண்டும். "ஆதரவு தாங்க" என்று பொதுவாகக் கேட்டால் தலையாட்டல்தான் கிடைக்கும்.

போவதற்கு முன் வேறு பாட ஆசிரியர் ஒருவரிடம் பேசிப் பார்க்கச் சொல்லுங்கள், எதற்கும் லேசில் ஒத்துக்கொள்ளாத ஆளாக இருந்தால் இன்னும் நல்லது. நீங்கள் கூடப் போகலாம், ஆனால் பேச வேண்டியது ஆசிரியர்தான், யோசனை அவருடையது.

மறுத்துவிட்டால் வாதாட வேண்டாம். "எதைப் பார்த்தால் உங்களுக்கு நம்பிக்கை வரும்?" என்று அங்கேயே கேட்டு, அவர் சொல்வதை அவர் கண்முன்னாலேயே எழுதிக்கொண்டு, மறுபடி எப்போது வரலாம் என்று ஒரு தேதியையும் வாங்கிக்கொண்டு கிளம்புங்கள்.