மொபைலும் பிள்ளையின் எடையும்: வீட்டில் நடக்கும் தவறுகள்

"எந்நேரமும் போனும் கையுமா இருக்கான், ஓடியாடுறதே இல்ல, அதான் குண்டாயிட்டான்." வண்ணாரப்பேட்டையிலும் தண்டையார்பேட்டையிலும் அடிக்கடி காதில் விழும் புலம்பல் இது. பாதிதான் சரி. அமெரிக்காவில் 4 முதல் 7 வயதுப் பிள்ளைகள் 70 பேரில் ஒரு பிரிவினரின் டிவி, கம்ப்யூட்டர் நேரத்தைப் பாதியாகக் குறைக்க முயன்ற ஆய்வு 2008-இல் வெளியானது. மற்றப் பிரிவோடு ஒப்பிட்டால் அவர்களின் பிஎம்ஐ (உயரத்துக்கு ஏற்ற எடையா என்று காட்டும் அளவு) இறங்கியது. கூடுதலாக ஓடியாடியதால் அல்ல, சாப்பாட்டின் அளவு குறைந்ததால். அதனால் திரைக்கு விதி போடுகிறவர்கள் முதலில் தட்டைத்தான் பார்க்க வேண்டும்.

பெரிய தவறு, போனைக் காட்டி ஊட்டுவது. வயிறு நிறைந்த செய்தி மூளைக்கு எட்டச் சுமார் 20 நிமிடம் பிடிக்கும். கண் கார்ட்டூனில் இருந்தால் அந்தச் செய்தியைப் பிள்ளை கவனிப்பதே இல்லை. வாய் திறக்கிறது, நாமும் ஊட்டிக்கொண்டே போகிறோம். என்ன சாப்பிட்டோம் என்பதும் மனதில் சரியாகப் பதியாததால், சிறிது நேரத்தில் மறுபடி தின்பண்டம் தேடும்.

நிறுத்தும் முறை: தரையில் எல்லோரும் சேர்ந்து உட்காருங்கள், எல்லோருடைய போனும் ஃபிரிட்ஜ் மேலே. வழக்கமாகத் தருவதைவிடக் கொஞ்சம் குறைவாகத் தட்டில் வையுங்கள், கேட்டால் மறுபடி போடலாம். அரை மணி நேரத்தில் தட்டை எடுத்துவிடுங்கள். முதல் சில நாள் பிள்ளை பாதியில் எழுந்து போகும், "ரெண்டு வாய்கூட இறங்கல" என்று ஆயா கவலைப்படுவார். இங்கேதான் பலர் தோற்கிறார்கள்: பட்டினி கிடக்கிறதே என்று பிஸ்கட் கொடுத்துவிடுவார்கள். அடுத்த வேளை வரை தண்ணீர் போதும், பசி தானாக வரும். (சர்க்கரை நோய் போன்ற சிக்கல் உள்ள பிள்ளைகளுக்கு மருத்துவரைக் கேட்டுச் செய்யுங்கள்.)

டிவி முன்னால் சிப்ஸ் பாக்கெட்டைப் பிரித்துக் கையில் தருவதும் இதே கதைதான். 30 கிராம் சிப்ஸில் ஏறக்குறைய 160 கலோரி, அதாவது சுமார் மூன்று இட்லி. இட்லியை எண்ணித் தின்பார்கள், சிப்ஸை யாரும் எண்ணுவதில்லை. மாலையில் பசித்தால் அவித்த கடலை கொடுங்கள், சாப்பிட்டு முடித்த பிறகு டிவி.

பிள்ளைக்கு மட்டும் விதி போட்டுவிட்டு அப்பா தட்டோடு ரீல்ஸ் பார்த்தால் அந்த விதி ஒரு வாரம் தாங்காது. "படிச்சா போன் தரேன்" என்று பரிசாக்கினாலும் ஆசை கூடுமே தவிர குறையாது.

படுக்கையறையில் டிவி கூடாது என்பது நல்ல அறிவுரை. ஆனால் ஹவுசிங் போர்டில் ஒற்றை அறையில் குடும்பமே படுக்கும்போது அதை எப்படிப் பின்பற்றுவது? இடத்துக்குப் பதில் நேரத்தை வையுங்கள். ஒன்பது மணிக்குப் பிள்ளை தூங்க வேண்டுமென்றால் எட்டு மணிக்கு டிவி அணைய வேண்டும், சீரியல் உட்பட. போன் சார்ஜர் வாசல் பக்கத்து பிளக்கில். 6 முதல் 12 வயதுக்கு 9 முதல் 12 மணி நேரத் தூக்கம் தேவை; குறைந்தால் பசி கூடும்.

திரை பார்க்கும் மணிக்கணக்கு: 2 வயதுக்குக் கீழ் உறவினரோடு வீடியோ கால் தவிர எதுவும் வேண்டாம், 5 வயது வரை ஒரு மணி நேரத்துக்குள், 10 வயது வரை இரண்டு மணிக்குள். போனைப் பிடுங்கினால் மட்டும் பிள்ளை விளையாடப் போய்விடாது. வியாசர்பாடியில் ஃபுட்பால் ஆடும் பையன்களுக்குப் பஞ்சமில்லை, மாலை ஐந்து மணிக்கு அங்கே கொண்டுபோய் விடுங்கள். தினம் ஒரு மணி நேரம் வியர்க்க ஆட வேண்டும். கேரம் நல்ல ஆட்டம்தான், இந்தக் கணக்கில் சேராது.

கடைசியாக, வாராவாரம் எடை பார்த்துத் திட்டாதீர்கள், சோற்றை நிறுத்தாதீர்கள். வளரும் பிள்ளைக்கு உயரம் கூடும்போது எடை அப்படியே நின்றாலே பல நேரம் போதும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை உயரம், எடை இரண்டையும் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் பாருங்கள். கழுத்தின் பின்புறம் கறுத்துத் தடித்தாலோ தூக்கத்தில் குறட்டை விட்டாலோ மூன்று மாதம் காத்திருக்காமல் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள்.